தண்ணியில இருந்து ஆளைத் தூக்கினதோட வேலை முடியல: அப்பார்ட்மெண்ட் பூல் லைஃப்கார்டா எனக்கு நடந்தது

அப்பார்ட்மெண்ட் பூல், ரிசார்ட் பூல் இந்த மாதிரி இடத்துல லைஃப்கார்ட் வேலைக்கு சேரப்போற தம்பி தங்கச்சிங்க படிக்கணும்னுதான் இதை எழுதறேன், ஏற்கனவே ஒத்தை ஆளா நின்னு பாத்துக்கிட்டு இருக்கறவங்களும் படிங்க. நீச்சல் தெரியுமா, சர்ட்டிஃபிகேட் இருக்கா, நாளைக்கே வந்துடுங்கன்னு சொல்லித்தான் நம்மள எடுக்கறாங்க. ஒருத்தர் தண்ணிக்குள்ள போய்ட்டா என்ன பண்ணணும்னு ட்ரெயினிங்ல நல்லாவே சொல்லிக் குடுக்கறாங்க, அதுல நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்த நேரத்துல கூட நிக்க ஒரு ஆள் இல்லன்னா என்ன ஆகும், வெளிய கொண்டுவந்த பிறகு அடுத்த ஒரு மணி நேரம் எப்படி இருக்கும், அடுத்த ரெண்டு மாசம் எப்படி இருக்கும்னு எனக்கு யாருமே சொல்லல. பையன் பொழச்சுட்டான், அதை முதல்லயே சொல்லிடறேன், பயந்துக்கிட்டே படிக்க வேண்டாம்.

எனக்கு சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம். ஸ்கூல் படிக்கறப்ப இருந்தே நீச்சல் போட்டிக்கு போவேன், டிகிரி முடிச்சுட்டு உயிர்காக்கும் பயிற்சி எடுத்து, சென்னை ஓஎம்ஆர்ல ஒரு பெரிய அப்பார்ட்மெண்ட்ல சேர்ந்தேன். நிக்கறது அவங்க பூல்ல, ஆனா சம்பளம் போடறது மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட் எடுத்த கம்பெனி, மாசம் 17,000 ரூபா. இந்த ரெண்டு பேருக்கு நடுவுல நாம யாரோட ஆளுங்கறது நல்ல நாள்ல தெரியாது, பிரச்சனை வர்ற அன்னிக்குத்தான் தெரியும். வேலை என்னன்னா லைஃப்கார்ட், அது போக காலையில இலை அள்ளணும், குளோரின் பாக்கணும், யார் வர்றாங்கன்னு ரெஜிஸ்டர்ல எழுதணும், கேப் போடாதவங்கள திருப்பி அனுப்பணும், கெஸ்ட் வந்தா காசு வாங்கி ரசீது குடுக்கணும். ரெஜிஸ்டர்ல எழுதறதுக்கு தலையக் குனியற நேரத்துல தண்ணிய யார் பாக்கறாங்கன்னு கேட்டேன். "ரெண்டு செகண்ட் வேலைதானே மேடம்"னாங்க. நான் ரெஜிஸ்டரை கேட் பக்கம் ஒரு ஸ்டூல்ல வெச்சு, வர்றவங்களே எழுதிக்கட்டும்னு பண்ணிட்டேன். நீங்களும் முதல் நாளே அப்படி பண்ணுங்க, சண்டை வந்தாலும் பரவாயில்ல. பூல் திறந்திருக்கற நேரத்துல லைஃப்கார்டுக்கு ஒரே ஒரு வேலைதான் இருக்கணும், கண்ணு.

கண்ணுன்னு சொன்னேன்ல, அதை கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா மூழ்கறதுன்னா எல்லாரும் நினைக்கறது கையை ஆட்டி ஐயோ காப்பாத்துங்கன்னு கத்தறது. அப்படி கத்த முடியுதுன்னா அவருக்கு மூச்சு இருக்கு, பயந்துபோய் இருக்காரு, உடனே போகணும்தான், ஆனா இன்னும் நேரம் இருக்கு. நிஜமா மூழ்கறவங்க கத்த மாட்டாங்க. வாய் தண்ணிக்கு மேல வந்து வந்து உள்ள போகும், மூச்சு விட்டு இழுக்கவே நேரம் பத்தாது, இதுல சத்தம் எங்க வரும். கை ரெண்டும் பக்கவாட்டுல தண்ணிய கீழ அமுக்கிக்கிட்டே இருக்கும், உடம்பு நேரா நிக்கும், கால் உதைக்காது, தூரத்துல இருந்து பாத்தா நின்னுக்கிட்டு இருக்கற மாதிரியே தெரியும். நியூயார்க் ஆர்ச்சர்ட் பீச்ல லைஃப்கார்டா இருந்த ஃப்ராங்க் பியாங்கறவர்தான் இதை கவனிச்சு எழுதினார், 20 செகண்ட்ல இருந்து 60 செகண்ட் வரைக்கும்தான் அப்படி மேல தாக்குப் பிடிப்பாங்க, அப்புறம் உள்ள போய்டுவாங்கன்னு. குழந்தைங்க அதைவிட சீக்கிரம். அதனாலதான் எங்களுக்கு 10 செகண்டுக்குள்ள கண்டுபிடிக்கணும், அடுத்த 20 செகண்டுக்குள்ள ஆள்கிட்ட போய்ச் சேரணும்னு சொல்லிக் குடுத்தாங்க. இதுக்கு நீங்க உக்கார்ற இடம் ரொம்ப முக்கியம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வெயில் மேற்கால இருந்து தண்ணி மேல அடிச்சு கண்ணு கூசும், அடியில என்ன இருக்குன்னே தெரியாது, அதனால வெயில் முதுகுப் பக்கம் வர்ற மாதிரி சேரைத் திருப்பிப் போடுங்க. மேல மட்டும் பாக்காதீங்க, அடி, நடு, மேல்னு மூணையும் பாருங்க. அடியில இருக்கற ட்ரெயின் மூடி, அதான் தண்ணி வெளிய போற ஓட்டையோட மூடி, தெளிவா தெரியலன்னா அன்னிக்கு பூலைத் திறக்கவே கூடாது, யார் சத்தம் போட்டாலும். பேரன்ட்ஸ் வந்து பேசினா பேசுங்க, ஆனா முகத்தை அவங்க பக்கம் திருப்பாதீங்க, திமிர் புடிச்ச பொண்ணுன்னு சொல்வாங்க, சொல்லட்டும்.

அன்னிக்கு ஒரு சனிக்கிழமை சாயங்காலம். தண்ணியில இருபது பேருக்கு மேல இருந்தாங்க, பாதி குழந்தைங்க. ஆழமான பக்கம், அது ஆறடி, அங்க காலேஜ் சேர்ற வயசுல நாலு பசங்க யார் ரொம்ப நேரம் தண்ணிக்குள்ள மூச்சைப் புடிக்கறதுன்னு போட்டி போட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் விசில் அடிச்சு கூப்பிட்டு இது வேணாம்னு சொன்னேன், சரிக்கான்னு நிறுத்தினாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அதுல ஒருத்தன் மட்டும் சுவரைப் புடிச்சுக்கிட்டு வேக வேகமா மூச்சு இழுத்து விடறான், அப்புறம் உள்ள போய்ட்டான். இங்கதான் எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் இருக்கு. வேக வேகமா மூச்சு விட்டா உடம்புல ஆக்சிஜன் கூடாது, கார்பன் டை ஆக்சைடுதான் குறையும். மூச்சு விடுன்னு நம்மள தவிக்க வைக்கறது அந்த கார்பன் டை ஆக்சைடுதான். அது குறைஞ்சுட்டா தவிப்பே வராது, அதுக்குள்ள ஆக்சிஜன் தீர்ந்து அப்படியே மயங்கிடுவாங்க, ஒரு துடிப்பு இல்ல, ஒரு சத்தம் இல்ல. நல்லா நீந்தறவங்களுக்குத்தான் இது நடக்கும், நீந்தத் தெரியாதவன் அவ்வளவு நேரம் உள்ள இருக்கவே மாட்டான். இவன் நல்லா நீந்துவான். கூட இருந்த பசங்க அவன் இன்னும் போட்டியில இருக்கான்னு சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. எனக்கு அவன் கையைப் பாத்ததும் புரிஞ்சுடுச்சு. மூச்சைப் புடிச்சுக்கிட்டு இருக்கறவன் கை இறுக்கமா இருக்கும், இவன் கை விரல் எல்லாம் விரிஞ்சு தண்ணி எப்படி ஆட்டுதோ அப்படி ஆடிக்கிட்டு இருந்துச்சு.

நீளமா ஒரு விசில் அடிச்சுட்டு குதிச்சேன். குதிக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் வெளிய ஏறுங்கன்னு கத்தினேன், இதை மறக்கவே கூடாது, ஏன்னா நான் தண்ணிக்குள்ள போய்ட்டா மிச்சம் இருபது பேரைப் பாக்க ஆள் இல்ல. ஒத்தை லைஃப்கார்ட் இருக்கற பூல்ல ஒருத்தரைக் காப்பாத்தற அந்த நேரம் மத்த எல்லாரும் பாதுகாப்பு இல்லாம இருக்காங்கன்னு அர்த்தம், இதை எந்த அசோசியேஷனும் யோசிக்கறது இல்ல. அவன் மயக்கத்துல இருந்ததால என்னைப் புடிச்சு இழுக்கல. நினைவோட தத்தளிக்கறவங்க அப்படி இல்லைங்க, கைல கிடைக்கறது மேல ஏறிடுவாங்க, அது உங்க தலையா இருந்தாலும். அதனால நினைவோட இருக்கறவங்களுக்கு முதல்ல கரையில இருந்தே கம்பு, கயிறு, மிதவை எதையாவது நீட்டுங்க, போய்த்தான் ஆகணும்னா ரெஸ்க்யூ ட்யூபை, அதான் லைஃப்கார்ட் கூட எடுத்துட்டுப் போற நீளமான மிதவையை, ரெண்டு பேருக்கும் நடுவுல வெச்சுக்கிட்டு பின்பக்கமா போங்க, மீறிப் புடிச்சுட்டா மேல வர முயற்சி பண்ணாம கீழ மூழ்குங்க, தன்னால விட்டுடுவாங்க. எங்க பூல்ல ரெஸ்க்யூ ட்யூப் கிடையாது, ஒரு வட்ட மிதவை இருந்துச்சு, அதை சுவர்ல அழகுக்கு மாட்டி ஆணியோட கட்டி வெச்சிருந்தாங்க, ட்யூப் வேணும்னு ரெண்டு தடவை வாட்ஸப்ல கேட்டிருக்கேன், அந்த மெசேஜ் பின்னாடி என்னைக் காப்பாத்துச்சு.

அடியில இருந்து மேல கொண்டுவர்றது கஷ்டமா இல்ல. கரையில ஏத்தறதுதான் உயிர் போச்சு. அவன் என்னைவிட ஒரு அடி உயரம், நனைஞ்ச உடம்பு, ஒத்தையா தூக்க முடியாது. அவனோட ரெண்டு கையையும் கரை மேல வெச்சு என் கையால அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, அவனோட ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரை விரல் நீட்டிக் கூப்பிட்டேன், நீ இந்த கை, நீ அந்த கை, மூணு சொன்னதும் இழுன்னு. இப்படி ஆளைக் குறிச்சு சொன்னாத்தான் நடக்கும். யாராச்சும் 108க்கு போன் பண்ணுங்கன்னு கத்தினா எல்லாரும் வேற யாரோ பண்றாங்கன்னு நிப்பாங்க. நான் நீல சட்டை போட்ட ஒரு சாரைப் பாத்து "சார் நீங்க 108 அடிங்க, மூச்சு இல்லன்னு சொல்லுங்க, ஸ்பீக்கர்ல போட்டு என் பக்கத்துல நில்லுங்க"ன்னு சொன்னேன். அவர் அப்படியே பண்ணினார், அவருக்கு நான் என்னிக்கும் நன்றி சொல்லிக்கிட்டே இருப்பேன்.

மூச்சு இல்ல. உதடு நீலமா இருந்துச்சு. அப்பதான் கூட்டம் ஆரம்பிச்சுது. ஒருத்தர் வயித்தை அமுக்கு தண்ணி வெளிய வரட்டும்ங்கறார், இன்னொருத்தர் காலைப் புடிச்சு தலைகீழா தூக்குங்கறார், ஒரு அம்மா அழுதுக்கிட்டே தலையில சூடு பறக்கத் தேய்க்கறாங்க. எல்லாம் நல்ல மனசுலதான், ஆனா இதுல எதையுமே செய்யக்கூடாது. வயித்தை அமுக்கினா சாப்பிட்டது மேல வந்து நுரையீரலுக்குள்ள போய்டும். தலைகீழா தூக்கி சுத்தினா போற நேரம் போனதுதான், அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. தண்ணியில மூழ்கினவங்களுக்கு பிரச்சனை ஆக்சிஜன் இல்லாதது, அதனால முதல்ல குடுக்க வேண்டியது காத்து. மாரடைப்பு வந்தவங்களுக்கு நெஞ்சை மட்டும் அமுக்கினா போதும்னு டிவியில பாத்திருப்பீங்க, மூழ்கினவங்களுக்கு அது பத்தாது. தலையைப் பின்னாடி சாய்ச்சு, தாடையைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, நெஞ்சு மேல எழும்பற அளவுக்கு 5 தடவை ஊதணும், சில இடத்துல முதல்ல 2னு சொல்லிக் குடுப்பாங்க, உங்களுக்கு எது சொல்லிக் குடுத்தாங்களோ அதைப் பண்ணுங்க, யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க. அப்புறம் நெஞ்சு நடுவுல 30 அமுக்கு, 2 ஊதல், திரும்ப 30, 2. நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 வேகம், பெரியவங்களுக்கு 5 சென்டிமீட்டருக்கு குறையாம உள்ள போகணும். வாயில நுரை வந்துக்கிட்டே இருக்கும், அதைத் துடைச்சுக்கிட்டே உக்காராதீங்க, துடைக்கத் துடைக்க வரும், நுரையோடயே ஊதுங்க. வாந்தி வந்தா மட்டும் மொத்த உடம்பையும் பக்கவாட்டுல திருப்பி வழிச்சு எடுத்துட்டு திரும்ப ஆரம்பிங்க. நான் ட்ரெயினிங் முடிச்சப்பவே சொந்தக் காசுல ஒரு பாக்கெட் மாஸ்க் வாங்கி இடுப்புப் பையில வெச்சிருந்தேன், அது இல்லன்னா அன்னிக்கு அந்த வாந்தியில வாயோட வாய் வெச்சு ஊதியிருக்க முடியுமான்னு எனக்குத் தெரியல. வாங்கி வெச்சுக்கோங்க.

நடுவுல ஒரு தடவை அவன் மீன் மாதிரி வாயைத் திறந்து ஒரு இழுப்பு இழுத்தான். எல்லாரும் மூச்சு வந்துடுச்சு விடும்மான்னு என் கையைப் புடிக்கறாங்க. அது மூச்சு இல்ல. மூளைக்கு ஆக்சிஜன் போகாதப்ப அப்படி ஒண்ணு ரெண்டு இழுப்பு வரும், அதை நம்பி நிறுத்தினா முடிஞ்சுது. நான் கையை உதறிட்டு தொடர்ந்தேன். கை மரத்துப் போச்சு. மாத்தி விட ஒருத்தர் இல்ல, அந்த கூட்டத்துல இன்ஜினியர் இருக்காங்க, பேங்க் மேனேஜர் இருக்காங்க, சிபிஆர், அதான் நெஞ்சை அமுக்கி மூச்சு ஊதற இந்த முதலுதவி, தெரிஞ்ச ஒரு ஆள் இல்ல. நாலு பேர் வீடியோ எடுத்தாங்க. எனக்கு அந்த நேரம் கோவம் கூட வரல, பயம் மட்டும்தான், எங்க அம்மா முகம் வந்து வந்து போச்சு. அப்புறம் ஒரு ரவுண்டுல அவன் இருமினான், வாந்தி எடுத்தான், திருப்பிப் படுக்க வெச்சேன், மூச்சு ஒழுங்கா வர ஆரம்பிச்சுது, கண்ணைத் திறந்தான். நான் அங்கேயே உக்காந்து அழுதுட்டேன்.

ஆம்புலன்ஸ் வந்துச்சு, ஆனா பின் கேட்டுக்கு. அங்க இருந்த செக்யூரிட்டி அண்ணாவுக்கு பூல் எந்த ப்ளாக் பக்கம்னு தெரியும், ஆனா அந்த கேட் சாவி மெயின் கேட்ல இருக்கு. சுத்தி வர்றதுக்குள்ள பல நிமிஷம் போச்சு. பையன் மூச்சு விட்டுக்கிட்டு இருந்ததால ஒண்ணும் ஆகல. மூச்சு இல்லாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சாலே இப்பவும் வயித்தைப் பிசையுது. நீங்க வேலைக்கு சேர்ந்த முதல் வாரத்துலயே எந்த கேட்ல ஆம்புலன்ஸ் வரணும், சாவி யார்கிட்ட, யார் கேட்ல நின்னு கூட்டிட்டு வரணும், லிஃப்ட் வேணுமா, ஸ்ட்ரெச்சர் திரும்புமா இதெல்லாம் செக்யூரிட்டியோட நடந்து பாத்து வெச்சுடுங்க. இதுக்கு ஒரு ரூபா செலவில்ல.

அதுக்குள்ள அவங்க அப்பா வந்துட்டார். பையன் உக்காந்து பேசறதைப் பாத்துட்டு "அதான் முழிச்சிட்டானே, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், ஒரு காபி குடிச்சா சரியாய்டும்"ங்கறார். நான் விடல. "சார், இருமல் நிக்கல பாருங்க, நுரையீரலுக்குள்ள தண்ணி போயிருக்கு, ராத்திரிக்கு மூச்சு திணறும், கண்டிப்பா போகணும்"னு வண்டி முன்னாடியே நின்னேன். சிபிஆர் பண்ணி எழுந்தவங்க, மயங்கி எழுந்தவங்க, தண்ணியில இருந்து எடுத்த பிறகு இருமல் நிக்காதவங்க, மூச்சு வாங்கறவங்க இவங்க எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும், நல்லா இருக்கற மாதிரி தெரிஞ்சாலும் பல மணி நேரம் டாக்டர் கண்ணு முன்னாடி இருக்கணும். அன்னிக்கு ராத்திரியே அவனுக்கு ஆக்சிஜன் அளவு இறங்கி ஐசியூல வெச்சாங்க, நுரையீரல்ல இன்ஃபெக்‌ஷன், சில நாள் கழிச்சுதான் டிஸ்சார்ஜ். அவர் சொன்னபடி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அந்த அப்பாவே பின்னாடி என்கிட்ட சொல்லி அழுதார். ஆனா அது ரொம்ப பின்னாடி. அதுக்கு முன்னாடி வேற நடந்துச்சு.

ஐசியூ பில் ஒன்றரை லட்சத்துக்கிட்ட வந்துச்சு. இதை யார் கட்டறதுன்னு கேள்வி வந்ததும் அசோசியேஷன் கான்ட்ராக்ட் கம்பெனியைக் கை காட்டுச்சு, கம்பெனி என்னைக் கை காட்டுச்சு. மறுநாளே சூப்பர்வைசர் ஆபீஸுக்கு கூப்பிட்டு டைப் பண்ணின ஒரு பேப்பரைக் குடுத்து, சும்மா ஃபார்மாலிட்டி, கையெழுத்து போடும்மான்னார். முழுக்க இங்கிலீஷ்ல இருந்துச்சு. படிச்சா, சம்பவம் நடந்தப்ப லைஃப்கார்ட் இருக்கையில இல்ல, சத்தம் கேட்டுத்தான் வந்தாங்கன்னு எழுதியிருக்கு. எனக்கு கை கால் எல்லாம் நடுங்கிடுச்சு. போட மாட்டேன்னு சொல்லிட்டு வந்தேன். அன்னிக்கே வேலைக்கு வரவேண்டாம், என்கொயரி முடியட்டும்னு மெசேஜ், அந்த மாச சம்பளமும் நிறுத்திட்டாங்க. உயிரைக் காப்பாத்தினவளை இப்படி பண்ணுவாங்கன்னு நான் கனவுல கூட நினைக்கல, ரெண்டு நாள் சோறு இறங்கல.

அதனால இதைக் கேளுங்க. சம்பவம் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே, தூங்கறதுக்கு முன்னாடி, உங்க கைப்பட தமிழ்ல எழுதிடுங்க. எத்தனை மணிக்கு, எங்க உக்காந்திருந்தீங்க, என்ன பாத்தீங்க, எப்ப குதிச்சீங்க, யார் உதவினாங்க, யார் 108க்கு பேசினாங்க, ஆம்புலன்ஸ் எப்ப வந்துச்சு. அவன் சொன்னதைக் கேக்கல, அவங்க அப்பா இப்படி, செக்யூரிட்டி அப்படின்னு கருத்து எதுவும் எழுதாதீங்க, நடந்தது மட்டும். தேதி போட்டு கையெழுத்து போட்டு போட்டோ எடுத்து ஆபீஸுக்கு மெயிலோ வாட்ஸப்போ அனுப்பிடுங்க, நேரம் அதுல பதிவாகிடும். ரெண்டாவது சிசிடிவி. நிறைய இடத்துல பழைய பதிவு மேல புதுசு தானா ஏறி சில நாள்லயோ வாரத்துலயோ அழிஞ்சுடும், அதனால அன்னிக்கே செக்ரட்டரிக்கு எழுத்துல, இந்த தேதி இந்த நேரத்து பதிவை எடுத்து வெக்கணும்னு கடிதம் குடுத்து ஒரு காப்பில சீல் வாங்கிக்கோங்க. எனக்கு இதை சொல்லிக் குடுத்தது அந்த நீல சட்டை சார்தான். அவர் ஒரு வக்கீல் நம்பரும் குடுத்தார். அந்த பதிவுல நான் சேர்ல உக்காந்திருக்கறது, விசில் அடிச்சு பசங்களைக் கூப்பிட்டது, குதிச்சது எல்லாம் இருந்துச்சு. பையன் உள்ள போனதுல இருந்து நான் குதிக்கறதுக்குள்ள எவ்வளவு நேரம்னு பாத்துட்டு வக்கீல் என்னைப் பாத்து இனிமே பயப்படாதம்மான்னார்.

போலீஸும் உண்டு. இந்த மாதிரி கேஸ்ல ஆஸ்பத்திரியில இருந்து ஸ்டேஷனுக்கு தகவல் போகும், அது வழக்கமான நடைமுறைதான், போனதும் கைது பண்ணிடுவாங்கன்னு பயப்படாதீங்க. என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி போன் வந்துச்சு. சாட்சியா விசாரிக்கறதுக்கு ஒரு பொண்ணை அவ குடியிருக்கற இடத்தை விட்டு வேற இடத்துக்கு வரச்சொல்லி கட்டாயப்படுத்த முடியாது, பிஎன்எஸ்எஸ்னு இப்ப இருக்கற குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 179வது பிரிவுல இருக்கு, அதை வக்கீல் சொன்ன பிறகு நான் மரியாதையா சொன்னேன், ஒரு பெண் போலீஸோட நான் தங்கியிருந்த ஹாஸ்டலுக்கே வந்து எழுதிக்கிட்டுப் போனாங்க, நல்லபடியாத்தான் பேசினாங்க. இன்னொண்ணு, அடிபட்டவங்களுக்கு உதவினா போலீஸ் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு ஒரு சட்டம் இருக்குன்னு எல்லாரும் சொல்வாங்க, அது மோட்டார் வாகன சட்டத்துல வர்றது, சாலை விபத்துக்கு மட்டும். பூலுக்கு அது வராது. அதுவும் நாம சும்மா போற வழியில உதவினவங்க இல்ல, பாத்துக்கறதுக்குன்னே சம்பளம் வாங்கறவங்க. அந்தப் பையன் செத்துப் போயிருந்தா கவனக்குறைவால மரணம்னு பிஎன்எஸ், அதான் இப்ப இருக்கற குற்றவியல் சட்டம், 106வது பிரிவுல கேஸ் வரலாம், நாம ஒழுங்கா இருந்தோம்னு காட்ட நம்மகிட்ட ஆதாரம் இருக்கணும். பயமுறுத்தறதுக்கு சொல்லல, எழுதி வெக்கறது ஏன் முக்கியம்னு புரியணும்.

காசு கணக்கு சொல்றேன், ஏன்னா இதை யாரும் சொல்ல மாட்டாங்க. ஒன்றரை மாச சம்பளம் நின்னுச்சு, அது 25,000 கிட்ட. வக்கீலுக்கு 12,000, அவர் குறைச்சுதான் வாங்கினார். ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, அலைஞ்ச ஆட்டோ காசு எல்லாத்துக்கும் எங்க அம்மா ஊர்ல கம்மலை அடகு வெச்சு 30,000 அனுப்பினாங்க. அம்மா போன்ல ஒண்ணு கூட கேக்கல, நீ சாப்டியா மட்டும்தான் கேப்பாங்க, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கும். கடைசில சிசிடிவி பாத்த பிறகு அசோசியேஷன் மீட்டிங்ல பில்லை அவங்க ஃபண்ட்ல இருந்து பாதியும், அந்த அப்பா அவரோட இன்ஷூரன்ஸ்ல மீதியும் பாத்துக்கிட்டாங்க. என் சம்பளம் வக்கீல் நோட்டீஸ் போன பிறகு வந்துச்சு. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை கம்பெனியில இருந்து வரல. திரும்ப வேலைக்கு கூப்பிட்டாங்க, நான் போகல.

மனசு பத்தியும் சொல்லணும். பையன் நல்லா இருக்கான்னு தெரிஞ்சும் எனக்கு தூக்கம் வரல. கண்ணை மூடினா அந்த விரிஞ்ச விரல்தான். குளிக்கறப்ப தலையில தண்ணி ஊத்தினா நெஞ்சு அடைக்கும். பொழச்சவனை நினைச்சு ஏன் இப்படி ஆகுதுன்னு எனக்கே புரியல, வெளிய சொன்னா ஒரு மாதிரி பாப்பாங்கன்னு சொல்லாமயே இருந்தேன். அப்புறம் கோர்ஸ்ல கூடப் படிச்ச அக்கா ஒருத்தங்க சொல்லி 14416க்கு பேசினேன், டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசில்ல, தமிழ்லயே பேசினாங்க. பெரிய சம்பவம் பாத்தவங்களுக்கு முதல் சில வாரம் இப்படி வரும், கொஞ்சம் கொஞ்சமா குறையும், குறையலன்னா டாக்டரைப் பாக்கணும்னு சொன்னாங்க. அந்த ஒரு போன் எனக்கு பெரிய உதவி. லைஃப்கார்ட் யாரா இருந்தாலும், ஆள் பொழச்சாலும் பொழைக்கலன்னாலும், தனியா உக்காந்து தாங்கிக்கணும்னு ஒண்ணும் இல்லைங்க.

இப்ப வேற இடத்துல ஒரு பூல்ல இருக்கேன். சேர்றதுக்கு முன்னாடி நான் கேட்டதை அப்படியே சொல்றேன், நீங்களும் கேளுங்க. பூல் திறந்திருக்கற நேரம் முழுக்க கூட இன்னொரு ஆள் வேணும், அவருக்கு நீச்சல் தெரியலன்னாலும் சரி, 108க்கு போன் பண்ணவும் மத்தவங்களை வெளிய ஏத்தவும் கரையில இருந்து கை குடுக்கவும் ஒரு ஆள். ரெஸ்க்யூ ட்யூப், நீளமான கம்பு, கையில எட்டற இடத்துல மிதவை, பாக்கெட் மாஸ்க். முடிஞ்சா ஏஇடி மெஷின், அதான் இதயத் துடிப்பு தாறுமாறானா ஷாக் குடுக்கறது, அது இருந்தா நெஞ்சை நல்லா துடைச்சுட்டுத்தான் ஒட்டணும், அதுக்காக காத்து குடுக்கறதை தள்ளிப் போடக்கூடாது. பம்பை உடனே நிறுத்தற ஸ்விட்ச் எங்க இருக்குன்னு காட்டணும், அடி ட்ரெயின்ல முடியோ உடம்போ இழுத்து மாட்டிக்கிட்டா அதை நிறுத்தாம எடுக்கவே முடியாது. மூச்சுப் புடிக்கற போட்டி கூடாது, ஆழம் கம்மியான பக்கம் தலைகீழ டைவ் கூடாதுன்னு போர்டு, அதுல குடியிருக்கறவங்க எல்லாரும் கையெழுத்து போட்ட பேப்பர். வேலை கடிதத்துல என் வேலை என்னென்னன்னு எழுத்துல. முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை கண்ணுக்கு ஓய்வு, அந்த பத்து நிமிஷம் பூல் காலி. நாலு இடத்துல இவ்வளவு கேட்டா எப்படிம்மான்னு அனுப்பிட்டாங்க. அஞ்சாவதா ஒரு இடத்துல செக்ரட்டரி ஒரு ரிட்டயர்ட் டீச்சர், அவங்க முழுசா கேட்டுட்டு ஏஇடி தவிர மிச்சம் எல்லாத்துக்கும் சரின்னாங்க, ஏஇடிக்கு அடுத்த வருஷ பட்ஜெட்ல காசு ஒதுக்கியிருக்காங்க. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை காலையில செக்யூரிட்டி அண்ணாங்க, வீட்டு வேலைக்கு வர்ற அக்காங்க, வர்றதுக்கு இஷ்டப்பட்ட பேரன்ட்ஸ் எல்லாருக்கும் நான் சிபிஆர் சொல்லிக் குடுக்கறேன், பொம்மை வாடகைக்கு எடுத்துட்டு வர்றோம். போன தடவை வந்தவங்கள்ல அறுபது வயசு பாட்டி ஒருத்தங்க மூச்சு வாங்க மூணு ரவுண்டு அமுக்கினாங்க, பேரன் நீச்சல் கத்துக்கறானாம்.